எருக்குழிப் புழு யாருடைய பிள்ளை? சாணி வண்டும் காண்டாமிருக வண்டும்

ஜூன் 14, காலை (வாசகர் கேள்வி)

இரண்டு ஆண்டுகளாகத் தொடாமல் வைத்திருந்த எருக்குழியை நேற்றுப் பிரித்தேன். கட்டைவிரல் பருமனில், உடல் வெள்ளையாகவும் தலை மட்டும் பழுப்பாகவும், அரைவட்டமாகச் சுருண்ட புழுக்கள் நூற்றுக்கு மேல் கிடந்தன. சாணத்தில் பிறப்பது சாணி வண்டு. சாணி வண்டு நிலத்துக்கு நன்மை செய்வது. ஆகவே இவை அதன் குஞ்சுகளாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுசெய்து, அனைத்தையும் கவனமாகக் குழிக்குள்ளேயே போட்டு மூடிவிட்டேன். தென்னங்குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டு வெளியிலிருந்து பறந்து வருகிறது என்பதால், அதற்கு விளக்குப்பொறி வைக்கப் போகிறேன். இதில் பிழை ஏதும் உண்டா?

ஜூன் 14, இரவு

உண்டு. குழியை மீண்டும் திறந்து புழுக்களைப் பொறுக்குங்கள். வெளியிலிருந்து வருவதாக நீங்கள் நினைக்கும் வண்டு உங்கள் குழியிலிருந்துதான் புறப்படுகிறது. சாணி வண்டின் புழு தளர்ந்த எருவில் ஒருபோதும் தனியாகக் கிடக்காது. மண்ணுக்குள் தாய் செய்து வைத்த உருண்டைக்குள்தான் இருக்கும். காரணங்களை நாளை எழுதுகிறேன். புழுக்களும் நாளை வரை காத்திருக்கும். அதற்கு மேல் அவற்றுக்குத் தவணை கொடுக்க வேண்டாம்.

ஜூன் 15

நீங்கள் செய்த தவற்றை நான் ஆறு ஆண்டுகள் செய்தவன் என்பதால், கேலி செய்யும் தகுதி எனக்கில்லை. சாணி வண்டையும் காண்டாமிருக வண்டையும் ஒன்றுக்கொன்று அந்நியம் என்று நினைத்ததுதான் என் பிழையின் வேர். உண்மையில் இரண்டும் ஸ்கராபேயிடே என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பங்காளிகள் என்றே சொல்லலாம். இரண்டின் புழுவும் வெள்ளையாக, சுருண்டு, ஆறு கால்களோடு இருக்கும். இரண்டுக்கும் சாணம் வேண்டும். வேறுபாடு அந்தச் சாணத்தின் வயதில் இருக்கிறது.

சாணி வண்டு சூடும் ஈரமும் ஆறாத புதுச் சாணத்தைத் தேடி வருகிறது. மாடு சாணமிட்ட சில நிமிடங்களிலேயே முதல் வண்டு வந்து இறங்குவதை யாரும் பார்க்கலாம். சாணம் காய்ந்து மேலே தோல் கட்டிவிட்டால் அதற்கு அங்கே வேலையில்லை. காண்டாமிருக வண்டின் தாயோ அந்தப் புதுச் சாணத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அதற்கு வேண்டியது மாதக்கணக்கில் குவிந்து மக்கிய எரு, இற்றுப்போன தென்னந்தூர், அழுகும் மரத்துண்டு, கிளறாமல் விட்ட குப்பை ஆகியவை. ஆகவே மேய்ச்சல் நிலத்தில் விழுந்த சாணம் சாணி வண்டை வளர்க்கிறது. அதே சாணத்தை அள்ளிக் குழியில் கொட்டி ஓராண்டு மறந்துவிட்டால் அது காண்டாமிருக வண்டை வளர்க்கிறது. சாணம் ஒன்றுதான், மாடும் ஒன்றுதான். எந்த வண்டு பெருக வேண்டும் என்பதை நம்முடைய மண்வெட்டி தீர்மானிக்கிறது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான் என்றாலும், இதை எழுதிவிட்டால் கேள்விகள் வரும் என்பதும் தெரியும்.

ஆறு ஆண்டுகளின் விலையையும் சொல்லிவிடுகிறேன். நட்டு நான்கு ஆண்டுகளான கன்றுகளில் ஐந்து போயின. வண்டு குடைந்ததால் மட்டும் அவை சாகவில்லை. வண்டு குருத்தில் போட்ட காயத்தின் வாசனையைப் பிடித்துக்கொண்டு சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிட்டது. அதன் புழுக்கள் உள்ளிருந்தே தண்டைத் தின்று முடித்தன. காண்டாமிருக வண்டு கதவை உடைப்பது. கூன்வண்டு உள்ளே குடியேறுவது. வெளியே மட்டை தொங்கியபோது உள்ளே மிஞ்சியது புளித்த நாற்றமடிக்கும் கூழ் மட்டுமே.

ஜூன் 17

முதல் இரவு "ஒருபோதும்" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஒரு வாசகர் சரியாகவே மடக்கியிருக்கிறார். சாணத்தைப் பயன்படுத்தும் வண்டுகள் மூன்று விதமாக வாழ்கின்றன. சில, உருண்டை பிடித்து உருட்டிக்கொண்டு தொலைவில் புதைக்கின்றன. சில, சாணத்துக்கு நேர்கீழே சுரங்கம் தோண்டி உள்ளே இழுத்துச் செல்கின்றன. இன்னும் சில, சாணத்துக்குள்ளேயே குடியிருந்து அங்கேயே முட்டையிடுகின்றன. இந்த மூன்றாம் வகையின் புழுக்கள் சாணத்துக்குள் உருண்டையின்றித் தளர்வாகக் கிடக்கலாம். ஆனால் அவை சில மில்லிமீட்டர் நீளமே இருக்கும். அரிசிமணியோடு ஒப்பிடலாம், கட்டைவிரலோடு ஒப்பிட முடியாது. எனவே முடிவு மாறவில்லை, சொல் மட்டும் மாறுகிறது: கட்டைவிரல் பருமனில் தளர்ந்த எருவில் கிடக்கும் புழு சாணி வண்டினுடையது அன்று.

ஜூன் 18

கொம்பு இருந்தால் காண்டாமிருக வண்டு, இல்லாவிட்டால் சாணி வண்டு என்று ஒருவர் சூத்திரம் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அதை அழித்துவிடுங்கள். காரணம் நீளமானது, கொஞ்சம் வெட்கக்கேடானதும்கூட. பிறகு எழுதுகிறேன்.

ஜூன் 22

வெட்கக்கேட்டை முதலில் முடித்துவிடுகிறேன். விளக்குப்பொறி வைத்த முதல் பருவத்தில், காலையில் வாளியில் கிடந்த பெரிய கறுப்பு வண்டுகளில் கொம்புள்ளவை எல்லாவற்றையும் எண்ணிக் கொன்றேன். நாற்பத்தேழு என்று நோட்டில் பெருமையாகக் குறித்திருக்கிறேன். அடுத்த ஆண்டு ஒரு கைக்கண்ணாடி கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு காய்ந்துபோன பழைய வண்டுகளைத் திருப்பிப் பார்த்தபோது, அவற்றில் பாதிக்கு மேல் சாணி வண்டுகள் என்று தெரிந்தது. கதார்சியஸ், ஹெலியோகாப்ரிஸ் முதலிய பெரிய சாணி வண்டுகளின் ஆண்களுக்கும் தலையில் கொம்பு உண்டு. யானைச் சாணம் வரை உருண்டை பிடிக்கும் ஹெலியோகாப்ரிஸ், காண்டாமிருக வண்டுக்குச் சமமான உடலளவு கொண்டது. அவையும் இரவில் விளக்குக்கு வரும். மறுபக்கம், காண்டாமிருக வண்டில் ஆணுக்குக் கொம்பு நீளம், பெண்ணுக்குக் குட்டை. பெண்ணின் வயிற்று நுனியில் செம்பழுப்பு மயிர்க்கற்றை இருக்கும். எனவே கொம்பை வைத்து எதையும் தீர்ப்பது ஆகாத காரியம்.

இப்போது நான் பார்ப்பது வேறோர் இடம். வண்டைக் குப்புற உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். அது கையைக் கீறும், கடிக்காது. முதுகின் இரண்டு இறக்கை மூடிகளும் கழுத்தின் பக்கம் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். காண்டாமிருக வண்டில் அங்கே நகக்கண் அளவில் ஒரு முக்கோணத் தகடு தெளிவாகத் தெரியும். பெரும்பாலான சாணி வண்டுகளில் அந்த முக்கோணம் தெரியாது. இரண்டு மூடிகளும் நேராகக் கழுத்துப் பட்டையோடு போய்ச் சேர்ந்துவிடும். பிறகு மல்லாத்திப் பாருங்கள். சாணி வண்டின் நடுக்கால்கள் இரண்டும் உடலின் இரு ஓரங்களுக்குத் தள்ளி, ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் முளைத்திருக்கும். தலையின் முன்பகுதி மண்வெட்டியைப் போலப் பரந்து வாயை முழுக்க மூடியிருக்கும். இரண்டு முறை பார்த்துவிட்டால் மூன்றாம் முறை கண்ணாடிகூடத் தேவைப்படாது.

கொம்பு எதற்கு என்பது தனிக் கதை. சுரங்கம் தோண்டும் சாணி வண்டுகளில் பெண் உள்ளே உருண்டை செய்யும்போது, ஆண் வாசலில் நின்று கொம்பால் மற்ற ஆண்களைத் தடுக்கிறது. கொம்பில்லாத சிறிய ஆண்கள் சில இனங்களில் நேரடிச் சண்டைக்கே போவதில்லை. பக்கவாட்டில் தனியாக ஒரு சந்து தோண்டி உள்ளே நுழைந்துவிடுகின்றன. வாசலில் நிற்கும் பயில்வானுக்குத் தகவலே தெரியாது. அந்தப் பயில்வானின் வலிமையும் அளக்கப்பட்டிருக்கிறது: ஆன்தோஃபேகஸ் டாரஸ் என்னும் இனத்தின் ஆண் தன் எடையைப் போல 1141 மடங்கை இழுத்ததாக 2010இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஜூன் 25

முக்கோணம் பார்க்கும் முறையைச் சோதித்த வாசகர், முதல் வண்டு சிறுநீர் கழித்ததாகவும் இரண்டாவது பறந்துவிட்டதாகவும் மூன்றாவது கரப்பான்பூச்சி என்று தெரிந்ததாகவும் எழுதியிருக்கிறார். முறை சரியாகவே வேலை செய்கிறது.

ஜூலை 2

இரண்டு வண்டுகளின் வாயையும் ஒப்பிடாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. காண்டாமிருக வண்டின் தாடைகள் கொட்டாங்கச்சியைப் போலக் கடினமானவை. ஆனால் அது தென்னங்குருத்தைத் தின்பதில்லை. மென்று, சாற்றை உறிஞ்சிக்கொண்டு, நாரை வெளியே தள்ளிவிடுகிறது. துளை வாயில் மரத்தூளைப் போலத் தொங்கும் நார்ச்சக்கையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சாணி வண்டின் தாடைகளோ சவ்வைப் போல மென்மையானவை. சாணத்தின் ஈரத்தையும் அதில் மிதக்கும் மிக நுண்ணிய துகள்களையும் மட்டுமே அதனால் பிழிந்தெடுக்க முடியும். ஆக, வளர்ந்த நிலையில் இரண்டுமே திடவுணவு உண்பவை அல்ல; ஒன்று குருத்துச் சாறு குடிக்கிறது, மற்றொன்று சாணச் சாறு குடிக்கிறது. சாணி வண்டு பயிரைக் கடித்துவிடுமோ என்று அஞ்சுகிறவர்களுக்கு இதுவே பதில்: கடிப்பதற்குப் பல் வேண்டும்.

குருத்துச் சேதத்தைப் பற்றி ஒன்று. மடங்கிய குருத்தை வண்டு குறுக்கே துளைக்கிறது. அந்த ஓலை விரியும்போதுதான், காகிதத்தை மடித்துக் கத்தரியால் வெட்டி விரித்தது போல, விசிறியோரம் அறுந்த வடிவம் வெளியே தெரிகிறது. குருத்து விரிய வாரங்கள், மாதங்கள் ஆகும். எனவே ஓலையில் விசிறி வெட்டைப் பார்த்ததும் கொக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு மரமேறினால், குற்றவாளி எப்போதோ இடத்தைக் காலி செய்திருக்கும். நான் அப்படி வெறுந்துளைகளைக் குத்திக் கொண்டிருந்திருக்கிறேன். நார்ச்சக்கை ஈரமாக இருக்கும் துளையில் மட்டும்தான் கம்பிக்கு வேலை. கன்றுகளுக்கு அதைவிட மேலானது, வேப்பங்கொட்டைத் தூளையும் மணலையும் ஒன்றுக்கு இரண்டு என்னும் அளவில் கலந்து, குருத்தையடுத்த மூன்று மட்டைகளின் கணுக்களில் இடுவது.

ஜூலை 9

"சாணி வண்டுகளைப் பிடித்து எருக்குழியில் விட்டால் அவை காண்டாமிருக வண்டுக்குப் போட்டியாக இருக்குமா?" என்ற கேள்விக்கு: இருக்காது. மக்கிய எருவில் சாணி வண்டுக்குச் சாப்பாடு இல்லை, மறுநாளே பறந்துவிடும். போட்டி குழிக்குள் நடப்பதில்லை, குழிக்கு முன்பே நடக்கிறது. வயலில் விழும் சாணத்தைச் சாணி வண்டு மண்ணுக்குள் புதைத்துவிட்டால், குழிக்கு வரவேண்டிய சாணம் அந்த அளவுக்குக் குறைகிறது.

சாணி வண்டு இல்லாத நிலம் எப்படியிருக்கும் என்பதை ஒரு கண்டமே அனுபவித்துக் காட்டியிருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்கு மாடுகள் 1788இல் கப்பலில் வந்தன. அங்கே ஏற்கெனவே சாணி வண்டுகள் இருந்தன. ஆனால் அவை கங்காரு போன்ற விலங்குகளின் காய்ந்த சிறு புழுக்கைகளுக்குப் பழகியவை. மாட்டுச் சாணத்தின் ஈரக் குவியலை அவற்றில் பெரும்பாலானவற்றால் கையாள முடியவில்லை. ஒரு மாடு நாளொன்றுக்குப் பத்து, பன்னிரண்டு முறை சாணமிடும். பல இலட்சம் மாடுகள், ஒன்றரை நூற்றாண்டு. சாணம் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தது, அதைச் சுற்றிய புல்லை மாடு தொடவில்லை, சாணத்தில் பெருகிய ஈக்கள் மனிதரின் முகத்தை மொய்த்தன. ஹங்கேரியில் பிறந்து 1950களின் தொடக்கத்தில் அங்கே குடியேறிய பூச்சியியலாளர் ஜார்ஜ் போர்னெமிசா இந்தக் காய்ந்த சாணத்தைப் பார்த்ததும், தன் நாட்டில் இது கிடையாதே என்று யோசித்தார். அந்த யோசனைதான் ஆஸ்திரேலியாவின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ 1965 முதல் 1985 வரை நடத்திய சாணி வண்டுத் திட்டமாயிற்று. வெளிநாடுகளிலிருந்து கொண்டுவந்து 43 இனங்களை வெளியில் விட்டார்கள். 23 இனங்கள் நிலைத்தன.

எனக்குப் பிடித்தது அதன் முன்னெச்சரிக்கை. வண்டுகளோடு கால்நடை நோய் வந்துவிடக் கூடாது என்பதற்காக முட்டைகளை மட்டும் எடுத்து, அவற்றின் மேற்பரப்பைக் கிருமிநீக்கம் செய்து, ஆட்கள் தங்கள் கையாலேயே உருட்டிய சாண உருண்டைகளுக்குள் ஒவ்வொன்றாக வைத்து வளர்த்தார்கள். அரசாங்கச் சம்பளத்தில் சாணி உருட்டிய மனிதர்கள் அவர்கள். வண்டுகளுக்கு அந்த ஊதியமும் கிடையாது.

ஜூலை 10

நேற்றைய குறிப்பை எழுதி முடித்ததும் தோன்றியது: பங்காளிகளில் ஒன்றை மனிதர்கள் இவ்வளவு எச்சரிக்கையோடு கடல்கடத்தினார்கள், மற்றொன்றை எச்சரிக்கையே இல்லாமல் கடத்தினார்கள். காண்டாமிருக வண்டு ஆசியாவைச் சேர்ந்தது. 1909இல் அது பசிபிக் தீவான சமோவாவில் தென்பட்டது. இலங்கையிலிருந்து கொண்டுபோன ரப்பர்க் கன்றுகளின் மண்ணோடு போயிருந்தது. அங்கிருந்து தீவுதீவாகத் தாவி, 1953இல் ஃபிஜியையும் 2007இல் குவாமையும் அடைந்தது. தென்னையே வாழ்வாதாரமாக இருக்கும் தீவில், எதிரிகள் யாரும் இல்லாமல், விழுந்து கிடக்கும் மரமெல்லாம் தொட்டிலாக அமைந்தால் என்ன நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

அதை அடக்கியது மருந்தன்று, ஒரு நோய். 1963இல் அலாய்ஸ் ஹூகர் என்னும் ஜெர்மானியர் மலேசியாவில் நோயுற்ற புழுக்களிடம் ஒரு வைரஸைக் கண்டுபிடித்தார்; 1967இல் அதைச் சமோவாவில் பரப்பினார்கள். அந்த வைரஸின் தந்திரம் என்னவென்றால், வளர்ந்த வண்டை அது உடனே கொல்வதில்லை. வண்டின் குடலில் பெருகி, அதன் கழிவு வழியே வெளியேறுகிறது. நோயுற்ற வண்டு குறைவாகத் தின்று, குறைவாக முட்டையிட்டு, தான் போகும் குப்பைமேடுகளிலெல்லாம் நோயை விட்டுச் செல்கிறது. பல தீவுகளில் சேதம் வெகுவாகக் குறைந்தது. குவாமுக்கு வந்த வகையோ அந்த வைரஸுக்கு அடங்காத வகை. அதனால் தலைவலி அங்கே புதிதாகத் தொடங்கியது.

எருக்குழி அளவில் இதே வேலையைச் செய்வது மெட்டாரைசியம் என்னும் பூஞ்சாணம். அது பிடித்த புழு முதலில் சுண்ணாம்புக் கட்டியைப் போல வெளுத்து விறைக்கும். சில நாளில் மேலே கரும்பச்சை மாவு பூக்கும். அப்படியொரு புழுவைக் கண்டால் தூக்கியெறியாதீர்கள். அது குழிக்குள்ளேயே இருக்கட்டும், மற்றவற்றுக்கும் பரப்பும்.

ஜூலை 21

மீண்டும் ஒரு திருத்தம், இது பெரியது. முதல் இரவு நான் "பொறுக்குங்கள்" என்று ஒரே சொல்லில் சொன்னேன். கேள்வி கேட்டவர் பொறுக்கி, கோழிகளுக்குப் போட்டுவிட்டு, அவற்றில் சில புழுக்கள் மல்லாந்து ஊர்ந்ததாகவும், நோய்வாய்ப்பட்டவையோ என்று சந்தேகமாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறார். அவை நோயுற்றவை அல்ல. மூன்றாவதாக ஒரு பங்காளி இருப்பதை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

பூக்களை மொய்க்கும் பூவண்டினத்தின் புழுக்களும் மக்கிய எருவில்தான் வளர்கின்றன. அவற்றின் கால்கள் உடலுக்குப் பொருந்தாத அளவுக்குக் குட்டையானவை. நேற்று ஐந்து புழுக்களை வழவழப்பான ஓடொன்றின் மீது வைத்துப் பார்த்தேன். மூன்று, பக்கவாட்டில் சுருண்டு கிடந்து, தாடையை மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தன. இரண்டு, சட்டென்று மல்லாந்து, ஆறு கால்களும் வானத்தை நோக்கி நீட்டியிருக்க, முதுகின் மயிர்களை ஊன்றி, அலையலையாக நெளிந்து, ஓட்டின் ஓரத்தை நோக்கி நேராகப் போய்விட்டன. மூன்றும் காண்டாமிருகம், இரண்டும் பூவண்டு. பூவண்டின் புழு எருவை நன்றாகப் பொடித்துக் கொடுக்கிறது, தென்னைக்குக் கேடில்லை. வளர்ந்த வண்டு பூவையும் கனிந்த பழத்தையும் கொஞ்சம் நாடும், அவ்வளவே. எனவே மல்லாந்து நடப்பதை விட்டுவிடுங்கள், சுருண்டு கிடப்பதை எடுங்கள். கோழிகளுக்கு இந்த வேறுபாடு முக்கியமில்லை என்பதும் உண்மை.

ஆகஸ்ட் 3

"எங்கள் நிலக்கடலை வேரைத் தின்பதும் இந்தப் புழுதானா?" அன்று. அது ஹோலோட்ரைக்கியா என்னும் பேரினத்தின் வேர்ப்புழு. அதே குடும்பம்தான், ஆனால் வாழும் இடம் மண், குழியன்று. அதன் வண்டுகள் கோடையின் முதல் நல்ல மழைக்குப் பின் அந்தி நேரத்தில் மண்ணிலிருந்து கிளம்பி, வேம்பு முதலிய மரங்களில் ஏறி இலையைத் தின்று இணைசேர்ந்து, விடிவதற்குள் மண்ணுக்குத் திரும்பி முட்டையிடுகின்றன. ஆண்டுக்கு ஒரே தலைமுறை. முதல் மழை பெய்த அந்தச் சில மாலைகளில் மரத்தை உலுக்கிப் பொறுக்குவது, பிறகு புழுவைத் தேடிச் செடிசெடியாகத் தோண்டுவதைவிடப் பல மடங்கு எளிது.

இதை எழுதும்போதுதான் எனக்கே ஒன்று உறைத்தது. காண்டாமிருக வண்டின் புழுவால் கேடு இல்லை. அது குப்பையைத் தின்று எருவாக்குகிறது, வளர்ந்த பின்தான் கொலைக்குப் போகிறது. வேர்ப்புழுவில் நேர்மாறு: பிள்ளை கெடுக்கிறது, பெற்றோர் இலையைக் கொறிப்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. சாணி வண்டில் இரண்டு வயதிலும் கேடில்லை. எனவே "எந்த இனம் கெட்டது" என்று கேட்பதைவிட, "எந்த வயதில், எந்த இடத்தில்" என்று கேட்பது பயனுள்ளது.

ஆகஸ்ட் 19

சாணி வண்டைக் காப்பதாகப் பேசிக்கொண்டே அதைக் கொன்ற கதையையும் எழுதி வைக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் மாடுகளுக்கு உண்ணித் தொல்லை மிகுந்தபோது ஐவர்மெக்டின் ஊசி போடச் செய்தேன். உண்ணி ஒழிந்தது. இரண்டு வாரம் கழித்துக் கவனித்தால், களத்தோரச் சாணங்களின் கீழே துளைகள் இருந்தும், தோண்டியெடுத்த உருண்டைகளில் புழுக்கள் செத்துக் கிடந்தன. அந்த மருந்தின் பெரும்பகுதி மாட்டின் உடலில் மாறாமலே சாணத்தின் வழியே வாரக்கணக்கில் வெளியேறுகிறது. வளர்ந்த வண்டு பெரும்பாலும் தப்பிவிடும். உருண்டைக்குள் இருக்கும் புழுவுக்கு அந்தச் சாணத்தைத் தவிர வேறு உணவில்லை என்பதால் அது தப்பாது.

சாணி வண்டு இதைத் தாங்க முடியாததற்குக் காரணம் அதன் குடும்பக் கணக்கு. காண்டாமிருக வண்டு முட்டைகளை எருவில் போட்டுவிட்டுப் பறந்துவிடும். பல முட்டை, பராமரிப்பு இல்லை. பெரிய சாணி வண்டுகள் சிலவற்றில் தாய் ஒரு பருவத்துக்கு ஒன்றிரண்டு உருண்டைகளே செய்து, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு முட்டை வைத்து, குஞ்சு வெளிவரும் வரை பட்டினியாகக் காவல் இருக்கிறது. ஒருமுறை ஓர் உருண்டையில் குச்சியால் துளையிட்டு உள்ளே பார்த்தேன். கூன் விழுந்த முதுகோடு இருந்த புழு சுற்றித் திரும்பி, பின்புறத்தைத் துளைக்கு நேராக வைத்து, தன் கழிவைப் பிதுக்கி, கொத்தனார் சாந்து பூசுவது போலச் சில நிமிடங்களில் அடைத்துவிட்டது. மறுமுறை துளையிட எனக்கு மனம் வரவில்லை.

இப்போது எல்லா மாடுகளுக்கும் ஒரே நாளில் ஊசி போடச் செய்வதில்லை. தேவைப்படும் மாட்டுக்கு மட்டும், கால்நடை மருத்துவரிடம் கேட்டு, சாணி வண்டு அதிகம் பறக்காத வறண்ட பருவத்தில் போடச் செய்கிறேன்.

ஆகஸ்ட் 20

நேற்று எழுதியதைப் படித்தால் சாணி வண்டு குற்றமே அறியாதது என்பது போல இருக்கிறது. நாய்களின் உணவுக்குழாயில் கட்டியை உண்டாக்கும் ஸ்பைரோசெர்க்கா புழு, நாயை அடையும் முன் சாணி வண்டின் உடலில்தான் வளர்கிறது. நாய் வண்டைத் தின்றால் நோய் வரலாம். நாய் வளர்ப்பவர்கள் கவனிக்கவும்.

செப்டம்பர் 11

பேச்சு சற்றுத் திசைமாறினாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உருண்டையை உருட்டும் வண்டு ஏன் வளையாமல் நேர்கோட்டில் போகிறது? சாணக் குவியலருகே திருடர்கள் கூட்டம். சுற்றிவளைத்து மீண்டும் அங்கேயே வந்து சேர்ந்தால் உருண்டை பறிபோகும். எனவே நேராகத் தொலைவுக்குப் போவதுதான் பிழைக்கும் வழி. நிலவில்லாத இரவில் எதைப் பார்த்து நேராகப் போகிறது என்பதை மேரி டாக்கேயும் அவருடைய குழுவினரும் தென்னாப்பிரிக்காவில் ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். வண்டின் தலையில் சிறிய அட்டைத் தொப்பி போட்டு வானத்தை மறைத்தால், அது வளைந்து வளைந்து தடுமாறியது. ஜோகன்னஸ்பர்க் கோளரங்கத்துக்குள் கொண்டுபோய்ப் பால்வீதியின் ஒளிப்பட்டையை மட்டும் காட்டினால், அது நேராகப் போயிற்று. அதே ஆண்டில் அவர்களுக்கு, சிரிக்க வைத்துப் பின் சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசும் கிடைத்தது.

காண்டாமிருக வண்டு இரவில் எதைப் பார்த்துத் தென்னைக்கு வருகிறது என்று கேட்காதீர்கள். ஆண் வண்டு வெளியிடும் வாசனைப் பொருள் மற்ற வண்டுகளைக் கூட்டுகிறது என்பதும், அதையே செய்துவைத்துப் பொறியில் தொங்கவிடுகிறார்கள் என்பதும் போதும். அந்தப் பொறியைத் தோப்பின் நடுவில் தொங்கவிட்டுவிட்டு, அயல் தோப்பின் வண்டுகளுக்கும் விருந்து வைத்தவன் நான். ஓரத்தில் வையுங்கள்.

அக்டோபர் 6

குழியின் கணக்கு. முட்டை பொரிய ஒன்றரை வாரம். புழுப்பருவம் மூன்று மாதத்துக்குக் குறைவதில்லை, ஆறு மாதம் வரை நீளலாம். பிறகு கூட்டுப்புழுவுக்கு மூன்று வாரம். எப்படிப் பார்த்தாலும் முட்டை வண்டாக ஏறத்தாழ நான்கு மாதம் வேண்டும். எனவே ஒரே பெரிய குழிக்குப் பதிலாக மூன்று சிறிய குழிகள் வைத்து, எதையும் மூன்று மாதத்துக்கு மேல் கிளறாமல் விடுவதில்லை என்று ஜூலையில் மாற்றிக்கொண்டேன். நேற்று முதல் குழியைப் பிரித்தேன். பதினோரு புழுக்கள் இருந்தன. ஓட்டின் மீது வைத்ததில் ஏழு மல்லாந்து நடந்தன. மீதி நான்கும் கோழிகளுக்குப் போயின. கேள்வி கேட்டவர் தம் பழைய குழியிலிருந்து இதுவரை இருநூற்றுப் பதினெட்டு எடுத்திருப்பதாக எழுதியிருக்கிறார். அவருடைய கோழிகள் இப்போது மண்வெட்டிச் சத்தம் கேட்டாலே ஓடி வருகின்றனவாம்.

நேற்றிரவு விளக்கடியில் கொம்புள்ள பெரிய வண்டொன்று வந்து விழுந்தது. கையில் எடுத்து முதுகைப் பார்த்தேன், முக்கோணம் இல்லை. கொட்டகைக்கு வெளியே ஈரமாகக் கிடந்த சாணத்தின் மீது கொண்டுபோய் விட்டேன். இன்று காலை அங்கே விரல் நுழையும் அளவில் ஒரு துளையும், பக்கத்தில் புதிதாகத் தள்ளிய மண்ணும் இருந்தன. துளையின் பாதியை மாடு மறுபடியும் சாணமிட்டு மூடியிருந்தது.